சுற்றுச்சூழல் தகவல்களை இணையத்தில் தேடிப் பிடிப்பது எப்படி

“சுற்றுச்சூழலைப் பாதுகாப்பது எப்படி” என்று தேடினால் அதே பத்துக் குறிப்புகள்தான் நூறு தளங்களில் திரும்பத் திரும்ப வரும். குழாயை மூடுங்கள், துணிப்பை எடுங்கள், மரம் நடுங்கள். தவறான அறிவுரைகள் இல்லை. ஆனால் எந்த மரம், எத்தனை லிட்டர், பையை எத்தனை முறை பயன்படுத்த வேண்டும் என்று அடுத்த கேள்வி கேட்டால் அந்தத் தளங்கள் கையை விரித்துவிடும். பதில் இருக்கும் இடங்கள் வேறு. அவற்றில் பெரும்பாலானவை இலவசம். பலவற்றைக் கணக்குத் தொடங்காமலே பார்க்கலாம். ஆனால் தேடல் முடிவுகளின் முதல் பக்கத்தில் அவை அபூர்வமாகத்தான் வரும். வந்தாலும், அங்கே இருக்கும் எண் எதைக் கணக்கிடுகிறது என்று புரியாமல் எடுத்தால் முடிவு தப்பாகப் போகும். அதனால் தளங்களின் பெயர்களோடு, அவற்றில் பலரும் வழுக்கி விழும் இடங்களையும் சேர்த்தே இங்கே சொல்கிறோம்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

தேடலைத் தொடங்கும் முன் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், எந்த இடத்தைப் பற்றி, தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள். “காற்று மாசு” என்று தேடினால் எங்கேயும் போய்ச் சேர முடியாது. “பள்ளிக்கூடத்தின் அருகே பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) காலை ஏழு மணிக்கு அதிகமா, பத்து மணிக்கு அதிகமா? விளையாட்டு வகுப்பை எப்போது வைக்கலாம்?” என்று கேட்டால் போகும். மூன்றாவது பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இருந்தால்தான் எவ்வளவு துல்லியம் போதும் என்று தெரியும். விளையாட்டு வகுப்பின் நேரத்தை மாற்றுவதற்கு மலிவான சென்சாரின் அளவே போதும். ஓர் ஆலையின் மீது புகார் கொடுக்க அது போதாது.

அடுத்தது சொற்கள். பொதுவான சொல்லுக்குப் பொதுவான பக்கம்தான் வரும். துறைக்காரர்கள் புழங்கும் சொல்லைப் போட்டால் அவர்கள் எழுதியது வரும். “மட்கு உரம் தயாரிப்பு” என்பதோடு “கார்பன் நைட்ரஜன் விகிதம்” என்று சேர்த்துப் பாருங்கள், முடிவுகளின் தரமே மாறும். செடி, விலங்கு என்றால் அறிவியல் பெயர் கட்டாயம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஒரே மரத்துக்கு இரண்டு அறிவியல் பெயர்கள் புழக்கத்தில் இருக்கலாம். தூங்குமூஞ்சி மரத்தைச் சில ஆய்வுகள் சமானியா சமான் என்றும், சில அல்பீசியா சமான் என்றும் குறிக்கின்றன. ஒன்றை மட்டும் தேடினால் மற்றது கண்ணிலேயே படாது. உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஐஎஃப் தளத்தில் இனத்தின் பக்கத்தைத் திறந்தால் மாற்றுப் பெயர்களின் பட்டியல் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தேடுவது நல்லது.

தேடுபொறியில் இரண்டு உத்திகள் போதும். ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியைச் சேர்த்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். அதேபோல் ஃபைல்டைப் என்று எழுதி முக்காற்புள்ளியும் பிடிஎஃப் என்பதும் சேர்த்தால் அறிக்கைகளும் கையேடுகளும் மட்டும் வரும். நல்ல கையேடுகளில் பெரும்பாலானவை பிடிஎஃப்பாகத்தான் கிடக்கின்றன. அரசுத் தளங்களின் சொந்தத் தேடல் பெட்டியை நம்பாதீர்கள். அங்கே கிடைக்காதது இந்த வழியில் பல முறை கிடைக்கும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பதில் தப்பில்லை, சரியான துறைச்சொல் எது என்று கேட்க அவை நல்ல துணை. ஆனால் அவை காட்டும் ஆய்வுக் கட்டுரை உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற அடையாள எண் இருக்கும். அதை டிஓஐ டாட் ஆர்க் தளத்தில் ஒட்டினால் கட்டுரையின் பக்கம் திறக்க வேண்டும். திறக்காவிட்டாலோ வேறு தலைப்பு திறந்தாலோ அந்த மேற்கோளை அங்கேயே விட்டுவிடுங்கள்.

காற்று

பல நாடுகளின் அரசு அளவீட்டு நிலையங்களின் தரவை ஒரே இடத்தில் திரட்டித் தருவது ஓப்பன்ஏக்யூ. தன்னார்வலர்கள் வீடுகளில் மாட்டிய சென்சார்களுக்கு பர்ப்பிள்ஏர், சென்சார் கம்யூனிட்டி ஆகிய வரைபடங்கள் உண்டு.

வரைபடம் திறந்ததும் நிறத்தைப் பார்க்காதீர்கள், அலகைப் பாருங்கள். காற்றுத் தரக் குறியீடு என்ற எண்ணை ஒவ்வொரு நாடும் தனித்தனி அட்டவணைப்படி கணக்கிடுகிறது. ஒரு செயலியில் 150 என்பதும் இன்னொன்றில் 150 என்பதும் ஒரே காற்றைக் குறிக்க வேண்டியதில்லை. ஒரு கனமீட்டரில் எத்தனை மைக்ரோகிராம் என்ற செறிவை எடுத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பிஎம் 2.5க்கு வைத்த வழிகாட்டு அளவு ஆண்டுச் சராசரி 5, 24 மணி நேரச் சராசரி 15. அதற்கு முன் 2005 முதல் இருந்தவை 10, 25. இன்னமும் 10 என்று எழுதியிருக்கும் பக்கத்தை 2021க்குப் பிறகு யாரும் தொடவில்லை என்று புரிந்துகொள்ளலாம். அதில் உள்ள மற்ற எண்களையும் சந்தேகத்தோடு பாருங்கள். இன்னொன்று: காலை ஒரு மணி நேரம் காட்டும் 40ஐ ஆண்டு அளவான 5உடன் ஒப்பிட்டு “எட்டு மடங்கு” என்று எழுதுவது சரியான ஒப்பீடு ஆகாது. ஒரு நாள் சராசரியை நாள் அளவோடும், ஓராண்டுச் சராசரியை ஆண்டு அளவோடும் மட்டுமே வைத்துப் பாருங்கள்.

மலிவு சென்சார்கள் ஒளிச்சிதறலை வைத்துத் துகள்களை எண்ணுபவை. ஈரப்பதம் கூடும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருப்பதால் அளவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பனிமூட்டமான காலையில் வரைபடம் திடீரென்று சிவந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம். பர்ப்பிள்ஏர் வரைபடத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் திருத்தச் சமன்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அதன் வெளிப்புறக் கருவிகளில் ஏ, பி என்று இரண்டு எண்ணிகள் இருக்கும். இரண்டும் வெகுவாக முரண்பட்டால் கருவிக்குள் தூசியோ பூச்சியோ புகுந்திருக்கலாம். அந்த நாளின் தரவை ஒதுக்கிவிடுங்கள்.

மேலிருந்து பார்ப்பது: ஏரி, காடு, தீ

ஒரு நீர்நிலை சுருங்கியதா, ஒரு சரிவில் மரங்கள் வெட்டப்பட்டனவா என்ற கேள்விக்குச் செய்தித்தாளைவிடச் செயற்கைக்கோள் நேரடியான சாட்சி. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்களை கோப்பர்நிகஸ் பிரவுசரில் எவரும் பார்க்கலாம். சில வசதிகளுக்குக் கணக்கு கேட்கும், கணக்கு இலவசம். முதலாவது 2015இலும் இரண்டாவது 2017இலும் ஏவப்பட்டன. இரண்டும் சேர்ந்து நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஐந்து நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தைப் படம் எடுக்கும் வகையில் அமைக்கப்பட்டவை.

வேலை செய்யும் வரிசை இது:

1. இடத்தைத் தேடி, பார்க்க வேண்டிய பரப்பு திரையை நிரப்பும் அளவுக்குப் பெரிதாக்குங்கள்.
2. தரவு வகையில் சென்டினல்-2 எல்2ஏ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வளிமண்டலத்தின் மங்கல் திருத்தப்பட்ட படம் அதுதான்.
3. மேக அளவை 20 சதவீதத்துக்குக் கீழ் இறக்குங்கள். அந்த அளவு முழுப் படத்துக்கும் கணக்கிட்டது. உங்கள் ஏரியின் மேல் மட்டும் மேகம் நிற்கலாம், கண்ணால் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.
4. முதலில் இயல்பு நிறத்தில் பாருங்கள். பிறகு தாவரப் பசுமையைக் காட்டும் என்டிவிஐ, நீரைக் காட்டும் என்டிடபிள்யூஐ அடுக்குகளுக்கு மாற்றுங்கள்.
5. அந்தக் காட்சியை ஒப்பீட்டுப் பட்டியலில் சேர்த்து, இன்னோர் ஆண்டின் அதே மாதப் படத்தையும் சேர்த்து, நடுக்கோட்டை இழுத்து இரண்டையும் பாருங்கள்.

ஐந்தாவது படியில்தான் அதிகத் தப்பு நடக்கிறது. மழை முடிந்த மாதத்துப் படத்தையும் கோடையின் உச்சத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் எந்த ஏரியும் காணாமல் போனதாகத்தான் தெரியும். ஒரே மாதமாக இருந்தாலும் ஒரு ஜோடிப் படத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லாதீர்கள்; குறைந்தது நான்கைந்து ஆண்டுகளின் அதே மாதப் படங்களை வரிசையாகப் பாருங்கள். நீரைப் பொறுத்தவரை இந்த வேலையின் பெரும்பகுதியை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது ஐரோப்பிய ஆணையத்தின் குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் தளம். 1984 முதலான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு காலம் நீர் இருந்தது என்று காட்டும்.

சென்டினல்-2இன் மிக நுணுக்கமான பட்டைகளிலேயே ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர். 30 மீட்டர் சதுரக் குளம் ஒன்பது புள்ளிகள்தான். அதில் எட்டு கரையோரப் புள்ளிகள். கரை சற்றே விலகி விழுந்தாலும் அவற்றில் நீரும் மண்ணும் கலந்துவிடும். அவ்வளவு சிறிய குளத்தின் பரப்பை இதில் அளக்க முயல வேண்டாம். மூலத் தரவை டவுன்லோடு செய்து சொந்தமாகக் கணக்குப் போடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: 2022 ஜனவரி 25 முதல் வந்த கோப்புகளில் எண்களோடு 1000 கூட்டப்பட்டிருக்கிறது. அதைக் கழிக்காமல் பழைய படங்களோடு ஒப்பிட்டால், மண்ணில் எந்த மாற்றமும் இல்லாமலே என்டிவிஐ ஒரே நாளில் சரிந்ததாகக் காட்டும்.

காட்டுக்கு குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச். உலக வளங்கள் நிறுவனம் நடத்துவது. அடிப்படைத் தரவு மேரிலாந்து பல்கலைக்கழகத்துடையது. இதில் வரும் “மரப்போர்வை இழப்பு” என்ற எண்ணைத்தான் செய்திகள் “காடழிப்பு” என்று மொழிபெயர்த்து விடுகின்றன. ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த எந்தத் தாவரமும் அந்தக் கணக்கில் மரப்போர்வைதான். தைலமரத் தோப்பை அறுவடை செய்தாலும், ரப்பர் தோட்டத்தைப் புதுப்பித்தாலும், காட்டுத்தீ எரித்தாலும் இழப்பாகவே பதிவாகும். அதனால் இழப்பு அடுக்கை மட்டும் போடாமல், இழப்புக்கான காரணம் காட்டும் அடுக்கையும் தொன்மைக் காடுகளின் அடுக்கையும் மேலே போட்டுப் பாருங்கள். “புதிதாகக் கூடிய மரப்போர்வையிலிருந்து இழப்பைக் கழித்தால் நிகர மாற்றம்” என்று கணக்குப் போடவும் கூடாது. இரண்டும் வெவ்வேறு முறைகளில் அளக்கப்பட்டவை. இழப்பைக் கண்டறியும் முறை இடையில் மேம்பட்டிருப்பதால், 2015க்கு முந்தைய ஆண்டுகளையும் பிந்தைய ஆண்டுகளையும் ஒரே கோட்டில் வரைந்து “திடீரென்று கூடியது” என்று சொல்வதும் ஆபத்து.

தீக்கு நாசாவின் ஃபிர்ம்ஸ். செயற்கைக்கோள் ஓர் இடத்தைக் கடந்து சென்ற மூன்று மணி நேரத்துக்குள், தீ இருக்கும் இடம் வரைபடத்தில் புள்ளியாக வந்துவிடும். அந்தப் புள்ளி 375 மீட்டர் அல்லது ஒரு கிலோமீட்டர் அகலச் சதுரத்தின் நடுமையம் மட்டுமே. தீ அந்தச் சதுரத்துக்குள் எங்கேயும் இருக்கலாம். எரிவாயு எரிக்கும் ஆலைப் புகைபோக்கியும் அங்கே புள்ளியாக வரும். ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் புள்ளி விழுந்தால் அது காட்டுத்தீயாக இருக்க வாய்ப்பு குறைவு. மேகத்துக்குக் கீழே எரிவதும், செயற்கைக்கோளின் இரண்டு கடப்புகளுக்கு நடுவே பற்றி அணைவதும் பதிவாகாது. ஆக, புள்ளி இல்லை என்பதால் தீ இல்லை என்று எழுதிவிட முடியாது.

உயிரினப் பதிவுகள்

தாங்கள் கண்ட உயிரினங்களை எவரும் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட், பறவைகளுக்கு ஈபேர்ட், எல்லாவற்றையும் திரட்டும் ஜிபிஐஎஃப். ஐநேச்சுரலிஸ்ட்டில் ஒரு பதிவு “ஆய்வுத் தரம்” பெற வேண்டுமானால் தேதி, இடம், படம் அல்லது ஒலி மூன்றும் இருக்க வேண்டும், அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் இன அளவில் ஒத்துப்போக வேண்டும். தொட்டியில் வளர்த்த செடியையும் கூண்டுப் பறவையையும் “வளர்ப்பு” என்று குறிக்காமல் ஏற்றுவதுதான் இங்கே நடக்கும் பொதுவான கெடுதல்; அந்த இனம் அங்கே இயற்கையாகப் பரவியிருப்பதாகப் பின்னால் வருபவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் இடத்தைத் தளமே வேண்டுமென்று மங்கலாக்கிக் காட்டும். வரைபடத்தில் அந்தப் புள்ளி கடலுக்குள் விழுந்திருந்தால் பதிவிட்டவர் தப்பு செய்தார் என்று நினைக்க வேண்டாம். இன்னொன்று, பதிவுகள் குவிந்திருக்கும் இடம் உயிரினங்கள் அதிகமுள்ள இடம் என்பதைவிட, செல்போனோடு ஆட்கள் அதிகம் நடக்கும் இடம் என்பதே பொருத்தம்.

ஒரு பாதுகாப்பு முயற்சி பலன் தருமா என்று தெரிய வேண்டுமா? பறவைக் கூடு பெட்டி வைக்கலாமா, வௌவாலுக்குப் பாலம் கட்டலாமா என்ற மாதிரிக் கேள்விகளுக்கு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கன்சர்வேஷன் எவிடன்ஸ் தளத்துக்கு நிகர் வேறில்லை. ஒவ்வொரு செயலையும் “பலன் உண்டு” என்பதிலிருந்து “பலனில்லை அல்லது கெடுதல்” வரை தரம் பிரித்து, அதற்கு அடிப்படையான ஆய்வுகளின் சுருக்கத்தையும் தருகிறார்கள். “பலன் தெரியவில்லை” என்ற தரத்தில் எத்தனை செயல்கள் கிடக்கின்றன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

கூரைச் சோலார்: ஒரே எண், இரண்டு திசை

சோலார் விற்பவரிடம் பேசும் முன் உங்கள் கூரையில் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று நீங்களே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ் ஒரு பார்வைக்கு நல்லது. விவரமாக வேண்டுமென்றால் ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ், அல்லது அமெரிக்க அரசு ஆய்வுக்கூடத்தின் பிவிவாட்ஸ்.

பிவிஜிஐஎஸ்ஸில் கூரையின் மேல் கிளிக் செய்து, நிறுவப்போகும் திறனை கிலோவாட்டில் கொடுங்கள்: 400 வாட் பேனல்கள் பத்து என்றால் 4. அமைப்பு இழப்பு 14 சதவீதம் என்று ஏற்கெனவே இருக்கும். ஒயர், இன்வெர்ட்டர், தூசு எல்லாம் சேர்ந்தது அது. காரணம் தெரியாமல் குறைக்க வேண்டாம். பேனல் எப்படிப் பொருத்தப்படுகிறது என்ற கேள்வியில், கூரைக்கும் பேனலுக்கும் நடுவே காற்றோட்டம் இருந்தால் தனித்து நிற்பது என்றும், ஒட்டியே இருந்தால் கட்டடத்தோடு இணைந்தது என்றும் தேர்ந்தெடுங்கள். காற்றோட்டம் இல்லாத பேனல் சூடேறி விளைச்சலை இழக்கும்.

இனி திசை. பிவிஜிஐஎஸ்ஸில் தெற்கு என்பது 0, கிழக்கு கழித்தல் 90, மேற்கு 90. பிவிவாட்ஸில் திசைகாட்டியைப் போல வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180. ஒரு தளத்தின் எண்ணை இன்னொன்றில் போட்டால் தெற்கு நோக்கிய பேனல் வடக்கு நோக்கித் திரும்பிவிடும், கிழக்கு மேற்காகிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகே, சாய்வு குறைவாக இருந்தால் ஆண்டு மொத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. அதனால்தான் இந்தத் தப்பு பிடிபடாமலே தப்பிக்கிறது. மாதவாரியான எண்களைப் பார்த்தால் பிடிபடும். தெற்கு அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்குப் பேனல் வடக்கு நோக்க வேண்டும்: பிவிஜிஐஎஸ்ஸில் 180, பிவிவாட்ஸில் 0.

இரண்டு தளங்களுக்குமே உங்கள் பக்கத்து வீட்டு மாடியும் தென்னை மரமும் தெரியாது. பிவிஜிஐஎஸ் மலைகளின் நிழலைக் கணக்கில் எடுக்கும், ஆனால் அந்த நிலத்தரவின் ஒரு கட்டமே ஏறக்குறைய 90 மீட்டர். பக்கத்து நிழலை நீங்கள்தான் நேரில் பார்க்க வேண்டும், காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும்.

வீட்டளவில்: பழுது, உரம், முத்திரை

பழுது பார்க்க ஐஃபிக்ஸிட். பொருளின் பெயரைப் போட்டுத் தேடாமல் அடியிலோ பின்னாலோ ஒட்டிய சீட்டில் உள்ள மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் வந்த கருவிகளுக்குள் திருகாணியின் அளவே மாறியிருக்கும். ஒவ்வொரு படிக்கும் கீழே இருக்கும் கருத்துகளைத் திருகாணியைக் கழற்றும் முன் படித்துவிடுங்கள். எந்த கிளிப் உடையும் என்று அங்கேதான் எழுதியிருப்பார்கள்.

மட்கு உரம் பற்றிய பக்கங்களை எடைபோட எளிய சோதனை உண்டு. கார்பன் நைட்ரஜன் விகிதம் 25 முதல் 30க்கு 1, ஈரம் 50 முதல் 60 சதவீதம் என்ற இரண்டும் இருக்கிறதா? அம்மோனியா நெடி வந்தால் நைட்ரஜன் கூடிவிட்டது, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை என்று பிரித்துச் சொல்கிறதா? இல்லையென்றால் அடுத்த பக்கத்துக்குப் போங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் உரப் பக்கங்கள் பழைய தோற்றத்தில் இருந்தாலும் இவை எல்லாமே அங்கே இருக்கின்றன. விகிதம் என்பது எடையில் உள்ள கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலானது. “முப்பது வாளி சருகுக்கு ஒரு வாளி காய்கறிக் கழிவு” என்று புரிந்துகொண்டால் குவியல் சூடேறவே செய்யாது.

பொருள்களின் முத்திரைகளில், அதை யார் சரிபார்த்தார்கள் என்பதை மட்டும் பாருங்கள். மரப்பொருளில், பொறுப்பாகப் பராமரிக்கப்படும் காட்டிலிருந்து வந்தது என்று சான்று தரும் எஃப்எஸ்சி முத்திரை இருந்தால் கூடவே சி என்ற எழுத்தும் ஆறு இலக்கமும் கொண்ட உரிமக் குறியீடு இருக்கும். அதை எஃப்எஸ்சியின் சான்றிதழ்த் தேடல் தளத்தில் போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, நிறுத்தப்பட்டதா, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று தெரியும். மேசைக்கு வாங்கிய சான்றிதழைக் காகிதப் பையில் அச்சிட்டிருந்தால் அதிலேயே பிடிபடும். “மட்கும் பிளாஸ்டிக்” என்றால் இஎன் 13432 என்ற ஐரோப்பியத் தரம் போட்டிருக்கும். அது ஏறக்குறைய 58 டிகிரி வெப்பத்தில் நடக்கும் ஆலை உரமாக்கலுக்கானது. வீட்டுத் தொட்டி அவ்வளவு சூடாகாது. வீட்டில் மட்க வேண்டுமென்றால் வீட்டு உரமாக்கலுக்கென்றே தனி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு மூலம் வரை போவது

“பருத்திப் பையை 7,100 முறை பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பையைவிட மேல், இயற்கைப் பருத்தி என்றால் 20,000 முறை.” அடிக்கடி சுற்றிவரும் செய்தி இது. இதை எப்படிச் சரிபார்ப்பது?

எண்ணை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு, பை, வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு (ஒரு பொருள் உருவாவது முதல் குப்பையாவது வரையிலான பாதிப்பின் கணக்கு) என்ற சொற்களையும் பிடிஎஃப் வடிகட்டியையும் சேர்த்தால், டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட அறிக்கை கிடைக்கும். சுருக்கப் பகுதியைத் திறங்கள். ஒவ்வொரு பைக்கும் இரண்டு எண்கள் இருக்கும்: காலநிலைத் தாக்கத்தை மட்டும் வைத்து ஒன்று, எல்லாத் தாக்கங்களையும் வைத்து ஒன்று. காலநிலைக்கு மட்டும் என்றால் சாதாரணப் பருத்திக்கு 52 முறை, இயற்கைப் பருத்திக்கு 149. பெரிய எண் வந்தது, பல வகைத் தாக்கங்களில் பருத்தி எதில் மிக மோசமோ அந்த ஒன்றிலும் சமன் ஆகும் வரை எண்ணியதால்.

அதோடு நிறுத்தாமல் எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். கடைப் பிளாஸ்டிக் பை மறுபடி குப்பைத் தொட்டிக்குள் போடும் பையாகப் பயன்பட்டு, பிறகு எரியுலைக்குப் போவதாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெருவிலும் கடலிலும் போய்ச் சேரும் குப்பையின் பாதிப்பு டென்மார்க்கில் மிகக் குறைவு என்று கணக்கிலேயே எடுக்கவில்லை. அறிக்கையில் இதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். குப்பை ஒழுங்காக அள்ளப்படாத ஊருக்கு இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்தான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. எந்த ஒப்பீட்டு ஆய்வைத் திறந்தாலும் இதே வரிசையில் பாருங்கள்: எந்தத் தாக்கம், எதோடு ஒப்பீடு, எதை விட்டுவிட்டார்கள்.

நம் வாழ்க்கைமுறையால் எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்று கணக்கிடும் கார்பன் கணிப்பான்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதும் இதே காரணத்தால்தான். வீட்டுக் கணக்கா ஆள் கணக்கா, மைலா கிலோமீட்டரா என்பவை எளிதில் பிடிபடும் தப்புகள். பிடிபடாதது மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் ஏறக்குறைய 27 முதல் 30 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இருபது ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 80. கால்நடை, நெல்வயல், எரிவாயு சம்பந்தப்பட்ட எந்த எண்ணும் இதை வைத்தே ஏறி இறங்கும். இவ்வகைக் கணிப்பானை 2004இல் பெரிய அளவில் விளம்பரப்படுத்தியது பிபி என்ற எண்ணெய் நிறுவனம் என்பதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அதற்காகக் கணிப்பானே பயனற்றது என்று ஆகிவிடாது.

நாடுகளை ஒப்பிட “அவர் வேர்ல்ட் இன் டேட்டா” என்ற தளம் வசதியானது. உமிழ்வு வரைபடத்தில், நாட்டுக்குள் வெளியான அளவா, நுகர்ந்த பொருள்களுக்கான அளவா என்று பார்த்துவிட்டு எடுங்கள். பன்னாட்டு விமானப் பயணம் நாடுகளின் கணக்கில் சேராது.

ஐபிசிசி அறிக்கையும் பூட்டிய கட்டுரைகளும்

காலநிலை மாற்ற அறிவியலை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீடு 2021 முதல் 2023 வரை பகுதி பகுதியாக வந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்கள், முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குபவர் முடிக்க மாட்டார். அத்தியாயங்களின் கேள்வி-பதில் பகுதியில் தொடங்குங்கள், எளிய மொழி. பிறகு கொள்கை வகுப்போருக்கான சுருக்கம். அதில் பத்தி முடிவில் நெளிவு அடைப்புக்குள் எண்கள் இருக்கும். அவைதான் ஆதாரம் உள்ள அத்தியாயத்துக்கான வழி. அந்தச் சுருக்கம் அரசுகள் வரிவரியாக ஒப்புக்கொண்டது, எனவே வாசகங்கள் செதுக்கப்பட்டிருக்கும். கொஞ்சம் கூடுதல் விவரம் வேண்டுமென்றால் தொழில்நுட்பச் சுருக்கத்துக்குப் போங்கள். “சாத்தியம்” என்றால் அவர்கள் அகராதியில் 66 சதவீதத்துக்கு மேல், “மிகவும் சாத்தியம்” என்றால் 90க்கு மேல். “உயர் நம்பகம்” என்பது சதவீதம் கிடையாது. சான்றுகளின் அளவையும் அவற்றுக்கிடையே உள்ள ஒற்றுமையையும் குறிப்பது.

ஆய்வுக் கட்டுரை பணம் கேட்டால் அன்பேவால் நீட்சியை பிரவுசரில் போட்டுக்கொள்ளுங்கள். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்காவது இருந்தால் காட்டும். கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே எல்லாப் பதிப்புகளும் என்பதை அழுத்தினாலும் கிடைக்கலாம். இரண்டிலும் இல்லையென்றால் கட்டுரை ஆசிரியருக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம்.

கிடைத்ததைப் பத்திரப்படுத்துவது

இணையப் பக்கங்கள் மறைந்துபோகும். 2025இல் அமெரிக்காவின் தேசியக் காலநிலை மதிப்பீட்டு அறிக்கைகள் இருந்த அரசுத் தளமே மூடப்பட்டது. அதனால் முக்கியமான பக்கத்தைப் பார்த்த உடனே இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் முகவரியை ஒட்டிச் சேமித்துவிடுங்கள். காணாமல் போன பக்கத்தின் பழைய முகவரி கையில் இருந்தால் அதே இடத்தில் தேடிப் பார்க்கலாம். நகரும் வரைபடங்களும் தேடல் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தரவும் அதில் சரியாகப் பதிவாகாது. அவற்றுக்குக் கோப்பையே டவுன்லோடு செய்ய வேண்டும். ஜிபிஐஎஃப்பிலிருந்து டவுன்லோடு செய்தால் அந்தத் தொகுப்புக்கென்றே ஒரு டிஓஐ கிடைக்கும். அதைக் குறித்து வைத்தால் நீங்கள் பார்த்த அதே தரவு எது என்று மற்றவர்களும் தெரிந்துகொள்ளலாம்.

ஒவ்வொரு கோப்போடும் ஒரு வரி எழுதி வையுங்கள்: முகவரி, எடுத்த தேதி, தரவு எந்த ஆண்டுக்கானது, பதிப்பு எண், அலகு, உரிமம். உரிமத்தைப் பலரும் மறந்துவிடுவார்கள். அவர் வேர்ல்ட் இன் டேட்டாவின் சொந்த வரைபடங்களைப் பெயர் குறிப்பிட்டு எங்கேயும் பயன்படுத்தலாம். ஐஃபிக்ஸிட் கையேடுகளை விற்பனைக்குப் பயன்படுத்த முடியாது. ஐநேச்சுரலிஸ்ட் படங்களுக்கு உரிமம் படம் எடுத்தவரைப் பொறுத்து மாறும், ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சென்டினல் படத்தைச் சுவரொட்டியிலோ மனுவிலோ சேர்த்தால் ஓரத்தில் படம் எடுத்த தேதியோடு “மாற்றியமைக்கப்பட்ட கோப்பர்நிகஸ் சென்டினல் தரவு” என்றும், எந்த ஆண்டுத் தரவு என்றும் போட்டுவிடுங்கள்.